கறுத்தக்கொழும்பான்: எப்படிப் பார்த்து வாங்குவது, எங்கே வைப்பது?

ஜூன் 8, பின்னேரம் (ஒரு வாசகியின் கேள்வி)

அண்ணை, கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். போன கிழமை யாழ்ப்பாணம் வந்து திரும்பும்போது ஒரு பெட்டி கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வாங்கி வந்தோம். எல்லாம் பச்சை நிறம், ஆனால் விற்றவர் பழம் என்றுதான் சொன்னார். பழுதாகிவிடும் என்ற பயத்தில் வந்த உடனேயே பிரிட்ஜில் வைத்துவிட்டேன். ஐந்தாம் நாள் பார்த்தால் தோல் சாம்பல் பூத்துக் கிடக்கிறது, வெட்டினால் ரப்பர் மாதிரி, மணமும் இல்லை. பிள்ளைகள் ஒரு துண்டுக்கு மேல் தொடவில்லை. அதே பிரிட்ஜில் அப்பிள் ஒரு மாதம் இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்தக் கறுத்தக்கொழும்பானுக்குப் பெயர்தான் பெரிது. பிழை பழத்திலா, நான் வைத்ததிலா?

ஜூன் 8, இரவு

தங்கச்சி, பெயர் பெரிதுதான், பழம் அதைவிடப் பெரிது. நீங்கள் கொண்டு போனது காய். நல்ல முற்றின காயாகவே இருந்திருக்கும். நான்கைந்து நாள் வெளியே விட்டிருந்தால் உங்கள் பிள்ளைகள் கொட்டைக்குச் சண்டை பிடித்திருப்பார்கள். பழுக்காத மாங்காய்க்குக் குளிர் ஆகவே ஆகாது. இங்கே கரண்ட் போய்ப் போய் வருகிறது, விடிய விவரமாக எழுதுகிறேன்.

ஜூன் 9, விடிய

முதலில் நிறம். விலாட் இன மாங்காய் பழுத்தால் மஞ்சளும் சிவப்புமாகத் தானே காட்டிக்கொடுக்கும். கறுத்தக்கொழும்பானின் தோல் அடர்ந்த பச்சை. நன்றாகக் கனிந்த பிறகும் அந்தப் பச்சை முழுதாகப் போகாது, அங்கங்கே மஞ்சள் படரும், அவ்வளவுதான். உள்ளே வெட்டினால் நல்ல செம்மஞ்சள். ஆகவே கண்ணை மட்டும் நம்பினால் கனிந்த பழத்தைக் காய் என்று விட்டுவிட்டு வருவீர்கள், அல்லது பிஞ்சைப் பழம் என்று தூக்கிக்கொண்டு வருவீர்கள்.

நான் பார்ப்பது தோள். காம்பு பொருந்தியிருக்கும் இடத்தைச் சுற்றிப் பாருங்கள். பிஞ்சுக்கு அந்த இடம் சரிந்து ஒடுங்கி இருக்கும். முற்றின காய்க்கு இரண்டு பக்கமும் தோள் எழும்பி, காம்பு ஒரு சின்னக் குழிக்குள் இறங்கினது போல இருக்கும். கன்னம் இரண்டும் உப்பியிருக்க வேண்டும். கையில் எடுத்தால் அளவுக்கு மேல் பாரமாக இருக்க வேண்டும். தோலில் மெல்லிய சாம்பல் பூச்சு இருந்தால் இன்னும் நல்லது, அதிகம் கைபடாத காய் என்று அர்த்தம். இதெல்லாம் முற்றலுக்கு அடையாளம். கனிவுக்கு வேறு வழி.

கனிவுக்கு மூக்கு. காம்படியில் மூக்கை வைத்து மணந்து பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் காய். புளிப்பும் பாலும் கலந்த பச்சை வாசம் என்றால் இன்னும் மூன்று நாள். தேன் போல ஒரு மணம் எழும்பினால் இன்றைக்கே வெட்டலாம். அந்த மணத்துக்குள் மெல்லிய கள்ளு வாடை வந்துவிட்டால் நேற்றே வெட்டியிருக்க வேண்டும். என் அம்மம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் கண் நன்றாக மங்கிவிட்டது. மீசாலை வீட்டில் மாலில் பாயைப் போட்டு, கடகத்தில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்து மணந்து மூன்று குவியலாகப் பிரித்து வைப்பார். இன்றைக்கு, நாளைக்கு, பிறகு. கண் தெரிந்த நாங்கள் பிரித்தால் பிழைக்கும், அவர் பிரித்தால் பிழைக்காது. நான் மூக்கை நம்பத் தொடங்கியது அங்கேதான்.

சந்தேகம் இருந்தால் பெருவிரலால் காம்படியை லேசாக அமத்திப் பார்க்கலாம்.

ஜூன் 9, பின்னேரம்

கடைசி வரியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். சந்தையில் வியாபாரம் செய்யும் அக்கா ஒருவர் இதை வாசித்துவிட்டு எனக்குச் சொன்னார்: வருகிற ஒவ்வொருவரும் லேசாகத்தான் அமத்துகிறார்கள், பின்னேரம் ஆகும்போது அந்தப் பழத்தில் இருபது பேரின் பெருவிரல் இருக்கிறது. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அமத்தின இடம்தான் முதலில் கறுத்து அழுகும். வீட்டில் உங்கள் பழத்தை அமத்துங்கள். சந்தையில் மணந்து பாருங்கள், தூக்கிப் பாருங்கள், போதும்.

ஜூன் 12

வைக்கும் முறை. இதற்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும்.

2002, போரால் மூடிக்கிடந்த யாழ்ப்பாணம்-கண்டி ஏ-9 பாதை திறந்த வருடம். அதற்கு முன் எத்தனையோ வருடம் எங்கள் மாம்பழம் கொழும்புக்குப் போனதில்லை. 1990இல் யாழ்தேவி ரயில் நின்றதோடு அந்த வழக்கமும் நின்றுவிட்டது. பாதை திறந்த முதல் பருவத்தில் கொழும்பில் இருந்த அக்காவுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று ஐயாவுக்கு ஒரே ஆசை. மரத்தில் பார்த்துப் பார்த்துப் பிடுங்கி, வைக்கல் பரப்பி, இரண்டு பெட்டி கட்டினோம். முகமாலைச் சோதனைச் சாவடியில் இறக்கிப் பிரித்துக் காட்டி, திரும்பக் கட்டி, ஓமந்தையில் மறுபடி பிரித்துக் காட்டி, வெயிலில் நின்று, கொழும்பு போய்ச் சேர்ந்தபோது அடுத்த நாள் விடிந்துவிட்டது. அவ்வளவு அலைச்சலுக்குப் பிறகும் காய்கள் நன்றாகத்தான் இருந்தன. அக்கா ஆசையோடு எல்லாவற்றையும் கழுவித் துடைத்து பிரிட்ஜில் அடுக்கினார். நானும் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்தேன். ஒரு கிழமையால் அக்கா தொலைபேசியில் அழாத குறையாகச் சொன்னார், எல்லாம் கறுத்துச் சுருங்கிவிட்டது, ஒன்றுகூடப் பழுக்கவில்லை என்று. ஐயாவிடம் நாங்கள் அதைச் சொல்லவே இல்லை. தேன் மாதிரி இருந்தது என்றுதான் சொன்னோம்.

தங்கச்சி, உங்கள் கேள்வியை வாசித்தபோது எனக்கு அந்தப் பெட்டிகள்தான் ஞாபகம் வந்தன. அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

காரணம் இதுதான். மா வெப்ப நாட்டு மரம். அதன் காயை ஏறக்குறைய 12, 13 பாகை செல்சியசுக்குக் கீழே கொண்டு போனால் உள்ளே பழுக்கிற வேலையே குழம்பிப் போகும். வீட்டு பிரிட்ஜ் 4 பாகை அளவில் ஓடுகிறது. தோல் சாம்பல் நிறமாகிக் குழி விழும், பிறகு வெளியே எடுத்து வைத்தாலும் திருந்தாது. நன்றாகக் கனிந்த பிறகு பிரிட்ஜில் வைத்தால் நான்கைந்து நாள் தாங்கும், குளிர் குறைந்த இடத்தில். சாப்பிட அரை மணித்தியாலத்துக்கு முன் வெளியே எடுத்து வையுங்கள், குளிரில் மணம் எழும்பாது.

காயைப் பழுக்க வைக்க என் வழி: காற்றோட்டமான, வெயில் படாத அறை, நிலத்தில் சாக்கு, அதன்மேல் வைக்கல், அதன்மேல் காய்கள் ஒரே ஒரு அடுக்கு, மேலே இன்னும் கொஞ்ச வைக்கல். வைக்கல் கிடைக்காத வெள்ளவத்தையில் பழைய பேப்பர் போதும், ஒவ்வொன்றாகச் சுற்றி ஒரு காட்போட் பெட்டியில் வைத்து மூடியைக் கொஞ்சம் திறந்து விடுங்கள். பொலித்தீன் பை வேண்டாம், உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். குவித்து வைக்கவும் வேண்டாம். பழுக்கும்போது காய் தானே சூடு விடும், குவியலின் நடுவில் இருப்பது அவிந்துபோகும்.

தினமும் ஒருமுறை பெட்டிக்குள் மூக்கை விடுங்கள்.

ஜூன் 13

அப்பிளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதை விட்டுவிட்டேன். அப்பிள் குளிர் நாட்டுப் பிள்ளை, 0 முதல் 4 பாகை அதற்குச் சொர்க்கம். எங்கள் வெப்பத்தில் வெளியே வைத்தால்தான் மாவாகிப் போகும். நீங்கள் வாங்குவதற்கு முன்பே பெரிய குளிர்க் களஞ்சியங்களில், பிராணவாயுவைக் குறைத்த காற்றில், மாதக்கணக்கில் உறங்கி எழும்பி வந்த பழமாகவும் இருக்கலாம். அமெரிக்காவிலும் சீனாவிலும் அறுவடை ஓகஸ்டு தொடங்கி நவம்பர் வரை. நியூசிலாந்திலும் தென்னாபிரிக்காவிலும் பெப்ரவரி தொடங்கி மே வரை. ஆகவே இந்த ஜூன் மாதத்தில் கடையில் நின்றால் பெட்டியில் ஒட்டியிருக்கும் நாட்டின் பெயரைப் பாருங்கள், தெற்கில் இருந்து வந்ததுதான் புதிது. கையில் கல்லுப் போல இறுகி, பாரமாக இருப்பதை எடுங்கள். மினுக்கத்தைப் பார்க்காதீர்கள், அது மெழுகாகவும் இருக்கலாம்.

இன்னொன்று. அப்பிள் எதிலீன் என்ற வாயுவை நன்றாக விடும். பழங்களைப் பழுக்க வைப்பதே அந்த வாயுதான். அவசரமாக ஒரு மாங்காய் பழுக்க வேண்டுமென்றால் பேப்பர் பைக்குள் அதோடு ஒரு அப்பிளைப் போட்டு மடித்து வையுங்கள், ஒரு நாள், ஒன்றரை நாள் முந்தும். நாங்கள் அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்ததும் இதே விஷயம்தான், வாயு வெளியே ஓடாமல் பானைக்குள் நிற்கிறது. வாழைக்குலையைக் கிடங்கில் இறக்கி, மூடி, புகை ஊதிப் பழுக்க வைத்ததும் அதே. புகையிலும் அந்த வாயு இருக்கிறது. எங்கள் அப்புவுக்கு எதிலீன் என்ற பெயர் தெரியாது, வேலை தெரிந்திருந்தது.

ஜூன் 17

இன்றைக்கு ஒரு சந்தையில் கோபம் வந்துவிட்டது. நல்ல மஞ்சளாகப் பளபளவென்று அம்பலவி மாம்பழம், வாங்கி வந்து வெட்டினால் கொட்டையைச் சுற்றி வெள்ளை, வாயில் வைத்தால் பல் கூசுகிறது. மணம் என்று எதுவும் கிடையாது. காபைட் கல் வைத்த பழம். வெல்டிங் வேலைக்கு வாயு எடுக்கிற கல் அது. ஈரம் பட்டால் அசற்றிலீன் வாயு வரும், அது எதிலீன் போல நடித்துத் தோலை மஞ்சளாக்கும். அந்தக் கல்லில் ஆர்சனிக், பொசுபரசு போன்ற நஞ்சுகளும் கலந்திருக்கும். சாப்பாட்டுப் பொருளுக்குப் பக்கத்திலேயே அதைக் கொண்டுவரக் கூடாது. புளிப்புக்கெல்லாம் இந்தக் கல்தான் காரணம்.

ஜூன் 18

ஒரு இரவு யோசித்த பிறகு. நேற்று எழுதியதில் கல் நஞ்சு என்பது அப்படியே நிற்கட்டும், அதில் ஒரு சொல்லையும் மாற்றமாட்டேன். ஆனால் புளிப்புக்குக் காரணம் கல் என்றது பிழை. புளிப்புக்குக் காரணம் பிஞ்சு. முற்றாத காயைப் பிடுங்கினால் வைக்கலில் வைத்தாலும் அரிசிப் பானையில் வைத்தாலும் அது இனிக்காது, சுருங்கும் அல்லது அழுகும். மரத்தில் நின்று சேர்க்க வேண்டிய மாச்சத்து, அதாவது பிறகு சீனியாக மாறப்போகிற மா, அதற்குள் இல்லை. இல்லாத மா எப்படிச் சீனியாகும்? கல் செய்வது என்னவென்றால் அந்தப் பிஞ்சுக்குப் பழத்தின் சட்டையைப் போட்டு விடுகிறது.

அப்படியென்றால் பிஞ்சை ஏன் பிடுங்குகிறார்கள்? நாங்கள் கேட்பதால். சித்திரை வருடம் பிறந்த கையோடு மாம்பழம் வந்துவிட்டதா என்று கேட்கத் தொடங்குகிறோம், முதலில் கொண்டு வருகிறவருக்கு நல்ல விலை. மாரி மழை ஓய்ந்து, தரை காய்ந்து, தை மாசியில் பூத்த பூ, முற்ற மூன்றரை நான்கு மாதம் எடுக்கும். விரல் மடித்து எண்ணிப் பாருங்கள், வைகாசிக்கு முன் நல்ல கறுத்தக்கொழும்பான் எங்கிருந்து வரும்? இந்த விஷயத்தில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன். வைகாசி நடுப்பகுதி வரை வாங்காதீர்கள். வீட்டுக்கு வந்த விருந்தினர் கேட்டாலும் பப்பாசிப் பழம் வெட்டிக் கொடுங்கள்.

பிடுங்கும் முறையிலும் பாதிக் காரியம் இருக்கிறது, அதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். தடியால் அடித்து விழுத்தின காய் நிலத்தில் பட்ட பக்கம் உள்ளே கறுக்கும், வெளியே தெரியாது. கொக்கத்தடியில் வலைப்பை கட்டி, காம்போடு எடுக்க வேண்டும். காம்பை ஒட்ட முறித்தால் பால் சீறி அடிக்கும், தோலில் பட்ட இடம் எரிந்து கறுத்த கோடாகும், கையில் முகத்தில் பட்டாலும் புண். ஒரு விரல் நீளக் காம்போடு எடுத்து, பிறகு நிழலில் வைத்துக் காம்பை நறுக்கி, காயைத் தலைகீழாக அரை மணித்தியாலம் பிடித்தோ சாய்த்தோ பால் வடிய விடுங்கள். பால் கோடு இல்லாத சுத்தமான தோலோடு சந்தையில் ஒரு குவியல் கண்டால், அந்த மரத்துக்காரர் பொறுமையான ஆள். அவரிடம் வாங்குங்கள்.

ஜூன் 24

தண்ணீர்ப் பரீட்சை பற்றி இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். வாளித் தண்ணீரில் போட்டால் முற்றினது தாழும், பிஞ்சு மிதக்கும். இது உண்மைதான், முற்ற முற்ற உள்ளே திண்மம் கூடி, காய் தண்ணீரைவிடப் பாரமாகிவிடும். ஆனால் நேற்று எங்கள் வளவில் பிடுங்கின முப்பது காயையும் கிணற்றடித் தொட்டியில் போட்டுப் பார்த்தேன். இருபத்தாறு தாழ்ந்தன, நான்கு மிதந்தன. மிதந்த நான்கையும் அடையாளம் வைத்து வெட்டினேன். இரண்டு உண்மையிலேயே பிஞ்சு. ஒன்றுக்குள் சதை பஞ்சு போல வெற்றிடமாக இருந்தது. மற்றதுக்குக் குறை ஒன்றும் இல்லை, கொஞ்ச நேரம் காத்திருந்தால் அதுவும் தாழ்ந்திருக்குமோ என்னவோ. ஆகவே மிதப்பதை எல்லாம் எறிய வேண்டாம், ஊறுகாய்க்கோ மீன் குழம்புக்கோ ஒதுக்கி வையுங்கள். தாழ்ந்ததைப் பழுக்க வையுங்கள். தாழ்ந்துவிட்டது என்பதற்காகப் பழம் என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள், தண்ணீர் முற்றலைத்தான் சொல்லும்.

ஜூன் 30

அணில் கோதின பழம் இனிக்கும் என்பது உண்மை. அணிலுக்கும் மூக்கு இருக்கிறது. கோதின பக்கத்தை அரிந்து எறிந்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாம். வௌவால் கடித்ததும் அப்படித்தான்.

ஜூலை 2

மேலே எழுதிய வௌவால் வரியைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள், அணில் வரியையும் சேர்த்து. சின்ன வயதில் நாங்கள் செய்ததை அப்படியே எழுதிவிட்டேன். தாதியாக வேலை செய்யும் மருமகள் வாசித்துவிட்டு, "மாமா, இதை எப்படி எழுதினீர்கள்?" என்று கேட்டாள். நிபா வைரஸ் பழந்தின்னி வௌவாலில் இருந்து வருவது. 2018இல் கேரளத்தில், கோழிக்கோட்டுப் பக்கம், எத்தனை உயிர் போனது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். இரவில் கடித்தது அணிலா வௌவாலா என்று விடிய எழும்பிப் பார்த்து எப்படிச் சொல்வது? பல் பட்ட பழம் எதுவாக இருந்தாலும் முழுதாகப் புதைத்து விடுங்கள். நல்ல பழத்தையும் கழுவித் தோல் சீவிச் சாப்பிடுங்கள்.

ஜூலை 9

பருவம் இப்போது உச்சத்தில் இருக்கிறது. கொடிகாமம், சாவகச்சேரிப் பக்கம் போனால் வீதியோரம் எல்லாம் மணக்கிறது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு விடிய ஆறு மணிக்குப் போங்கள், பத்து மணிக்குப் போனால் மற்றவர்கள் விட்ட மிச்சம்தான்.

சாப்பிடுவதைப் பற்றி இன்னும் எழுதவில்லை, அதுவல்லவா முக்கியம். முதலில் முழுப் பழத்தைக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு மணித்தியாலம் ஊறப் போடுங்கள். சூடு தணியும் என்று அம்மா சொல்வார். எனக்குத் தெரிந்த பயன் தோலில் காய்ந்த பால் கழன்று போவது, அந்தப் பால்தான் சிலருக்கு வாயோரம் கொப்புளம் போடுகிறது. காம்படியைத் தடித்த துண்டாக வெட்டி எறியுங்கள். பிறகு தோலைச் சீவி, இரண்டு கன்னத்தையும் இறக்கி, பக்கத் துண்டு இரண்டையும் எடுத்தால் மிச்சம் கொட்டை. கொட்டை யாருக்கு என்பதை வெட்டுவதற்கு முன்பே தீர்மானித்து வையுங்கள். எங்கள் வீட்டில் நாள் முறை இருந்தது, நாட்காட்டியில் பெயர் எழுதி வைப்போம்.

அப்புறம் புட்டு. சுடச்சுட அரிசிமாப் புட்டு, தேங்காய்ப்பூ தாராளமாக, அதன்மேல் நன்றாகக் கனிந்த கறுத்தக்கொழும்பான் துண்டுகள். கையால் பிசைய வேண்டும், கரண்டி சரிவராது. புட்டின் சூட்டில் பழத்தின் மணம் எழும்பும், சாறு புட்டுக்குள் இறங்கும், தேங்காய்ப்பூ பல்லில் படும். சிலர் சீனி போடுகிறார்கள், நல்ல பழத்துக்குச் சீனி தேவைப்படாது. சிலர் தேங்காய்ப்பால் விடுகிறார்கள், அதை நான் மறுக்கமாட்டேன். அம்மா ஒரு துளி உப்புப் போடுவார். முதலில் எனக்கு விளங்கவில்லை, இப்போது உப்பில்லாமல் பிசைவதே இல்லை.

வேறு இனங்களைக் குறைத்துப் பேசுவதாக ஒருவர் கோபித்திருக்கிறார். அப்படியில்லை ஐயா. அம்பலவிக்குத் தனி வாசம், தயிரோடு அதுதான் பொருத்தம். விலாட் சின்னது, பள்ளிக்கூடப் பைக்குள் வைத்துவிடலாம். வெள்ளைக்கொழும்பான் இதமான பழம். செம்பாட்டான் காயாக இருக்கும்போதே உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டுத் தின்ன நல்லது. கொழும்பு சுப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் பெரிய டொம் ஈஜேசியையும் சாப்பிட்டிருக்கிறேன். நாரில்லை, சதை நிறைய, இனிப்பும் இருக்கிறது. ஆனால் வீட்டில் வைத்தால் அடுத்த அறைக்கு மணம் வரவில்லை. எனக்கு அடுத்த அறைக்கு மணம் வர வேண்டும்.

ஜூலை 10

சீனி வருத்தம் உள்ளவர்கள் என்ன செய்வது என்று கேட்டவருக்கு: அம்மாவுக்கும் அதே வருத்தம்தான். வைத்தியர் சொன்னபடி சின்னத் துண்டு ஒன்று, சோறு குறைத்த நாளில், வெறும் வயிற்றில் இல்லாமல். உங்கள் அளவை உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம். அம்மா அந்தத் துண்டைக் கால் மணித்தியாலம் சாப்பிடுகிறார்.

ஜூலை 15

புழு. வெளியே அழகாக இருந்த பழத்துக்குள் வெள்ளைப் புழு நெளிவதாக இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். அது பழ ஈ. காய் முற்றும்போது தோலில் ஊசி போலக் குத்தி முட்டை இட்டுவிடும். குத்தின இடத்தில் சின்னப் புள்ளியும், அதைச் சுற்றி மெல்லிய மென்மையும் இருக்கும், சில நேரம் ஒரு துளி பிசின் கசிந்து காய்ந்திருக்கும். வாங்கும்போது அதைத் தேடுங்கள். தண்ணீரில் போட்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது.

மரம் வைத்திருப்பவர்கள் விழுந்த பழத்தை அப்படியே விடாதீர்கள். உள்ளே இருக்கும் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, ஈயாகித் திரும்பி வரும். நான் தினமும் விடிய பொறுக்கி இரண்டு அடி ஆழத்தில் புதைக்கிறேன். எட்டும் கொப்புகளில் காய்க்குப் பேப்பர் பை கட்டுகிறேன். பழ ஈயை இழுக்கும் மீதைல் யூஜினோல் பொறியும் தொங்கவிட்டிருக்கிறேன். அதில் ஆண் ஈ மட்டும்தான் விழும், ஆனாலும் இந்த வருடம் புழு நன்றாகக் குறைந்திருக்கிறது. பக்கத்து வளவுக்காரர்களும் பொறி வைத்த பிறகுதான் குறைந்தது, தனியே ஒரு மரத்தில் வைத்துப் பயனில்லை.

கொட்டைக்குள் கறுத்த வண்டு இருந்தால் அது வேறு. அது பிஞ்சிலேயே புகுந்து கொட்டைக்குள் வளர்ந்தது. சதை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், தாராளமாகச் சாப்பிடலாம். கொட்டையை மட்டும் வெளியே எறியாமல் எரித்துவிடுங்கள்.

தோலில் கறுத்த புள்ளிகள் பரவுவது பூஞ்சணம், பூக்கும் காலத்தில் பனியோ மழையோ பட்ட வருடம் கூடுதலாக வரும். 52 பாகைச் சுடுநீரில் ஐந்து நிமிடம் முக்கி எடுத்து ஆறவிட்டால் நன்றாகக் குறைகிறது. வெப்பமானி இல்லாமல் செய்யாதீர்கள், கையால் பார்த்துச் செய்தால் பழம் அவிந்துவிடும்.

ஜூலை 27

சோளகக் காற்று இந்த முறை பொல்லாத அடி அடித்துவிட்டது. நேற்று இரவு மட்டும் ஒரு கடகம் நிறைய உதிர்ந்தது. பாதி முற்றினது, அடிபட்டது. அடிபட்டதைப் பழுக்க வைக்க முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள், இன்றைக்கே மாங்காய்ச் சம்பலோ ஊறுகாயோ போடுங்கள்.

கனிந்து விழுந்த நல்ல பழங்களில் இருந்து சாறு பிழிந்து, பனம்பழத்தில் பனாட்டுப் போடுகிற மாதிரியே ஓலைப்பாயில் ஊற்றிக் காயவிட்டிருக்கிறேன். முதல் நாள் ஒரு படை, அது காய்ந்ததும் அடுத்த நாள் அதன்மேல் இன்னொன்று. இலையானுக்கு நுளம்பு வலை கட்டியிருக்கிறேன். ஏழெட்டுப் படை வந்ததும் உரித்து வெட்டி அடைத்து வைத்தால் கார்த்திகை மழைக்குள்ளும் மாம்பழம் இருக்கும். பிரிட்ஜை இவ்வளவு திட்டிய நானே ஒன்று சொல்கிறேன்: பிழிந்த சாறைச் சின்னச் சின்ன டப்பாவில் ஊற்றி ஃப்ரீசரில் உறையவிட்டால் மாதக்கணக்கில் நிற்கும். காயை வைப்பதில்தான் பிரச்சினை, சாறுக்கு இல்லை.

ஓகஸ்டு 3

வெள்ளவத்தைத் தங்கச்சி எழுதியிருக்கிறார். இம்முறை உறவினர் ஒருவர் யாழ்தேவியில் கொண்டு போய்க் கொடுத்த பன்னிரண்டு காயைப் பேப்பரில் சுற்றி, கட்டிலுக்குக் கீழே வைத்தாராம். மூன்றாம் நாள் ஒன்றுமில்லை, நான்காம் நாள் ஒன்றுமில்லை, ஐந்தாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த சின்ன மகன் வாசலில் நின்று "அம்மா, வீட்டில் என்ன மணக்குது?" என்று கேட்டானாம். இதை நான் மூன்று தரம் வாசித்துவிட்டேன்.

பன்னிரண்டில் ஒன்று அழுகிவிட்டது, ஏன் என்றும் கேட்டிருக்கிறார். காம்படியில் தொடங்கின அழுகல் என்றால் பிடுங்கும்போது காம்பை ஒட்ட முறித்திருப்பார்கள். அடுத்த முறை காம்போடு கேளுங்கள்.

ஓகஸ்டு 21

நல்லூரில் மாம்பழத் திருவிழா முடிந்துவிட்டது. ஒரு பழத்துக்காக மயிலேறி உலகைச் சுற்றின பிள்ளைக்கும், அம்மா அப்பாவைச் சுற்றின பிள்ளைக்கும் நடந்த கதையை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன், ஒவ்வொரு வருடமும் முருகன் பக்கம்தான் நிற்கிறேன். திருவிழா வரும்போது எங்கள் மரத்தில் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. இந்த முறை உச்சிக் கொப்பில், கொக்கத்தடி எட்டாத இடத்தில், ஏழு நின்றன. பக்கத்து வீட்டுத் தம்பி ஏறி, ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்துக் கயிற்றில் இறக்கித் தந்தான். ஏழும் தண்ணீரில் தாழ்ந்தன. இரண்டு அவனுக்கு. மிச்சம் ஐந்தும் அரிசிப் பானைக்குள் இருக்கின்றன, நேற்று மூடியைத் திறந்தபோது பச்சை வாசம், இன்று விடிய இன்னும் பச்சை வாசம்தான். நாளை மறுநாள் புட்டுக்கு மா வறுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.